ஏழாம் வகுப்புக்கு ஒரு நாவல் கொடுங்கள்

அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை, நூற்றுக்கணக்கான தமிழ்ச் சொற்களுக்குப் பொருள் மனப்பாடம் செய்திருக்கும். ஆனால், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரு தமிழ் நாவலை வகுப்பில் உட்கார்ந்து படித்திருக்காது. மனப்பாடம் செய்த சொற்கள் வீணாகப் போவதற்குப் படிக்காமல் விட்ட நாவல்தான் காரணம் என்பது என் கட்சி. ஆறு முதல் எட்டு வரை, வகுப்புக்கு ஒரு சிறார் நாவலையாவது பாடவேளையிலேயே முழுதாகப் படித்து முடிக்க வேண்டும். அதற்கான புத்தகத்தையும் நேரத்தையும் அரசு கொடுக்க வேண்டும்.

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியை. என் வீட்டில் பேசுவது தெலுங்கு. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர்களுக்கு இதில் வியக்க ஒன்றும் இல்லை. என் வகுப்பும் அப்படித்தான். ஒரு பெஞ்சில் தெலுங்கு, அடுத்ததில் கன்னடம், அதற்கடுத்து உருது. ஜன்னலோரம் ஒடியாவும் இந்தியும். தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து கம்பெனி வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகள்தான் வீட்டிலும் தமிழ் பேசுகிறவர்கள். அவர்களுக்கும் புத்தகத் தமிழ் தூரத்துச் சொந்தம்தான். அப்பா பி ஷிப்ட், அம்மா பாகலூர்ப் பக்கம் ரோஜா பாலிஹவுஸில் பூ அறுக்கப் போகிறார், அண்ணன் காண்ட்ராக்டில் ஓடுகிறான். லைன் வீட்டில் பிள்ளைக்குக் கதை படித்துக் காட்ட யாருக்கு நேரம்?

2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி இவர்கள் எல்லோரும் தமிழை ஒரு பாடமாகப் படிக்க வேண்டும். 2006-07இல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16இல் பத்தாம் வகுப்பை எட்டியது அந்தச் சட்டம். விலக்குக் கேட்டு மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள் நீதிமன்றம் போனதை எல்லைப் பகுதியில் இருக்கும் நாங்கள் நெருங்கிப் பார்த்தவர்கள். சட்டம் பிள்ளையைத் தமிழ் வகுப்பில் உட்கார வைத்துவிடும். உட்கார்ந்த பிறகு அங்கே என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

பொருள் தெரியும், புழங்கத் தெரியாது

தமிழ்ப் பாடநூலில் செய்யுளுக்குக் கீழே ‘சொல்லும் பொருளும்’ என்று ஒரு பகுதி இருக்கும். திங்கள் என்றால் நிலவு என்று அதில் போட்டிருக்கும். பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். அதையே சொற்றொடரில் அமைத்து எழுதச் சொன்னால், “நேற்று இரவு திங்கள் வரவில்லை, கரண்டும் வரவில்லை” என்று ஒருவன் எழுதிக்கொண்டு வந்து நீட்டுவான். எழுத்துப் பிழை இல்லை. சந்திப் பிழை இல்லை. பொருளும் சரி. மதிப்பெண் போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால், தமிழ் பேசுகிற எவரும் அப்படிப் பேசியதும் இல்லை, எழுதியதும் இல்லை.

அந்தப் பையனுக்கு அந்தச் சொல் எங்கே வரும், யார் வாயில் வரும், எதோடு சேரும், எதோடு சேராது என்பது தெரியாது. அதைப் பட்டியல் சொல்லித்தராது. 1992இல் வந்த ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ பொருளைச் சொன்னதோடு நிற்காமல் எடுத்துக்காட்டு வாக்கியங்களும் கொடுத்தது இதனால்தான். 2008இலும் 2020இலும் அதன் விரிவான பதிப்புகள் வந்தன. ஒவ்வொரு தமிழாசிரியர் மேசையிலும் இருக்க வேண்டிய நூல். ஆனாலும், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு வாக்கியம் போதாது. ஒரே சொல்லைப் பல இடங்களில், பல சந்தர்ப்பங்களில் அது பார்த்தாக வேண்டும்.

பாடநூலில் அதற்கு இடம் குறைவு. ஒரு பாடத்தில் வந்த சொல் அந்தப் பாடத்தோடு போய்விடும். அடுத்த பாடம் வேறு பொருள், வேறு ஆசிரியர், வேறு நடை. இயலுக்கு ஒரு ‘விரிவானம்’ உண்டு. கதையோ கட்டுரையோ சில பக்கங்களில் முடிந்துவிடும். 2018இல் வந்த ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ கூட விரிவானமாக வந்தது, படக்கதையாக. நல்ல தேர்வு, பிள்ளைகள் ஆசையாகப் படித்தார்கள். ஆனால், மணி அடிப்பதற்குள் கிழவன் கடலுக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டான். அவன் காத்துக் கிடந்ததைப் பிள்ளைகளும் அவனோடு காத்துக் கிடந்து படித்திருந்தால்தானே அது நாவல்!

நாவலில் நூறு பக்கத்துக்கு ஒரே ஆசிரியர், ஒரே நடை, அதே ஆட்கள். முதல் அத்தியாயத்தில் ‘தயங்கினான்’ என்று வருவது, நான்காவதில் ‘தயக்கம்’ என்று வரும், கடைசியில் ‘தயங்காமல்’ என்று வந்து நிற்கும். கம்பெனி பஸ்ஸில் தினமும் நம்மோடு ஏறுகிற ஆள் மாதிரிதான் இது. முதல் நாள் யாரோ எவரோ. ஒரு வாரத்தில் முகம் தெரியும், மறுவாரம் தலையசைப்பு, அதற்கப்புறம் அவர் வராத நாளில் ‘எங்கே காணோம்?’ என்று தேடுகிறோம். யாரும் நமக்கு அவரை அறிமுகம் செய்து வைக்கவில்லை.

எந்தச் சொல்லில் நிற்பது?

நாவலைக் கையில் எடுத்ததும் தமிழாசிரியர்கள் செய்யும் முதல் காரியம், பக்கத்துக்குப் பக்கம் கடினச் சொற்களை அடிக்கோடிட்டுப் பொருள் எழுதிப் போடச் சொல்வது. கதையைக் கொல்ல இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. அத்தியாயத்துக்கு மூன்று சொல், அதற்கு மேல் வேண்டாம் என்று நான் வரம்பு வைத்திருக்கிறேன். அந்த மூன்றையும் தேர்ந்தெடுப்பதில்தான் ஆசிரியரின் வேலை இருக்கிறது.

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்கள் இசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன், லிண்டா குக்கன் மூவரும் 2002இல் எழுதிய நூலில் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். வீட்டிலும் தெருவிலும் தானாகவே வந்துவிடும் சொற்கள் முதல் அடுக்கு. பேச்சில் அதிகம் வராவிட்டாலும் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் வரும் சொற்கள் இரண்டாவது. ஒரு துறைக்கு மட்டும் உரியவை மூன்றாவது. ஆசிரியர் நின்று நிதானித்துச் சொல்லித்தர வேண்டியது இரண்டாம் அடுக்கை என்பது அவர்கள் வாதம்.

தமிழ் வகுப்புக்கு இது அப்படியே பொருந்தும். தயங்கு, சமாளி, அலட்சியம், பொருட்படுத்து, ஒப்புக்கொள், ஏக்கம் முதலியவை நமக்கு இரண்டாம் அடுக்கு. எளிதானவை என்று நினைத்து நாம் தாண்டிப் போய்விடுகிறோம். இவை தெரியாத பிள்ளைக்கு நாளிதழும் புரியாது, சமூக அறிவியல் பாடமும் புரியாது.

‘தயங்கு’ என்ற சொல்லுக்கு நான் கரும்பலகையில் எதுவும் எழுதவில்லை. ஒரு பையனைக் கூப்பிட்டு, வீட்டுப்பாடம் எழுதாமல் தலைமையாசிரியர் அறைக்குள் போகிறவன் மாதிரி நடித்துக் காட்டச் சொன்னேன். வகுப்புக் கதவையே அந்த அறைக் கதவாக வைத்துக்கொண்டான். ஒரு காலை உள்ளே வைத்தான், எடுத்தான், நிலையைப் பிடித்துக்கொண்டு சட்டை நுனியைச் சுருட்டினான். “இதான் தயங்குறது” என்றேன். அந்த வாரம் முழுக்க வகுப்பில் யார் தாமதித்தாலும், “டீச்சர், இவ தயங்குறா” என்று குரல் வந்தது. கபடிக்குப் பெயர் கொடுக்க வராதவனையும் தயங்குகிறான் என்றார்கள். வீட்டில் ஒடியா பேசும் ஒரு சிறுமி, “பஸ் தயங்குது” என்றாள். பஸ் தயங்காது என்று இன்னொருத்தி சண்டைக்குப் போனாள். தமிழ் வகுப்பில் நான் கேட்க விரும்பும் சண்டை இதுதான்.

கீழடியும் செப்டிக் டேங்க்கும்

நாங்கள் எடுத்துக்கொண்ட நாவல், உதயசங்கர் எழுதிய ‘ஆதனின் பொம்மை’. சாகித்திய அகாடமியின் பால சாகித்திய புரஸ்கார் விருதை 2023இல் பெற்றது. இந்தக் காலத்துச் சிறுவன் ஒருவனைப் பழைய கீழடிக்குக் கூட்டிப்போகும் கதை. ஆதன் என்ற பெயரே கீழடிப் பானை ஓடுகளில் கீறப்பட்டிருக்கிறது என்றதும் வகுப்பில் பாதிப் பேர் தண்ணீர் பாட்டிலில் தங்கள் பெயரைக் கீறத் தொடங்கிவிட்டார்கள்.

கீழடி என்றால் மூன்றாம் அடுக்குச் சொற்கள் கூடவே வந்துவிடும்: அகழாய்வு, முதுமக்கள் தாழி, உறைகிணறு. இவற்றுக்கு நடிப்பு உதவாது. பொருளைக் காட்ட வேண்டும், அல்லது பிள்ளைகளே காட்டுவார்கள். சுட்ட மண் வளையங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி இறக்கிய கிணறுதான் உறைகிணறு என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். “எங்கப்பா போடற செப்டிக் டேங்க் ரிங்கு மாதிரியா டீச்சர்?” அவன் அப்பாவுக்குச் சிமெண்ட் வளையம் வார்த்து இறக்குகிற வேலை. வளையத்தை எப்படிக் குழிக்குள் நேராக இறக்குவார்கள், ஒன்றின் விளிம்பு இன்னொன்றில் எப்படி உட்காரும், சாய்ந்தால் என்ன ஆகும் என்று அவனே சொன்னான். தெலுங்கும் தமிழும் கலந்துதான் சொன்னான். அன்றைக்கு உறைகிணற்றுக்குப் பாடம் நடத்தியவன் அவன்தான்.

பழமை என்றால் மதுரைப் பக்கம்தான் என்று எங்கள் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் பொது ஆண்டுக்கு முன் 2172 வரை போகிறது என்று 2022 மே மாதம் சட்டப்பேரவையில் முதல்வர் அறிவித்தார். தமிழ்நாட்டில் இரும்புக் காலம் நான்காயிரம் ஆண்டுக்கும் முந்தியது என்று அப்போது எல்லோரும் திரும்பிப் பார்த்தது எங்கள் மாவட்டத்தைத்தான். 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டச் சிவகளை அதையும் முந்திப் பின்னுக்குப் போனது. இதைச் சொன்னபோது, “நம்ம ஊரு தோத்துப்போச்சா?” என்று கேட்டார்கள். காலக்கணிப்பு என்றால் என்ன, ஆதாரம் என்றால் என்ன என்று பேச அதைவிட நல்ல வாய்ப்பு எப்போது வரும்? சூளகிரிப் பக்கம் மல்லச்சந்திரத்தில் கற்திட்டைகள் இருக்கின்றன, கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, ஊருக்கு ஊர் நடுகல் நிற்கிறது. தாத்தா பாட்டிகள் பூசை செய்யும் வேடியப்பன் கல்லில் பாதி நடுகல்தான். நாவலில் வந்த சொல்லோடு பிள்ளை வெளியே வந்தால், அந்தச் சொல்லுக்குரிய பொருள் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது.

முன்கதைச் சுருக்கம்

நாவலை வகுப்பில் படிக்க வெளிநாட்டு முறை எதையும் நாம் கடன் வாங்க வேண்டியதில்லை. தமிழர்கள் நாவல் படிக்கக் கற்றதே தொடர்கதையில்தான். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வாரா வாரம் வந்தது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி மகாபாரதத்தை ‘வியாசர் விருந்து’ என்று எழுதியதும் அதே கல்கியில் தொடராகத்தான். பள்ளிப் படிப்பை எட்டாம் வகுப்புக்கு முன்பே விட்ட எத்தனையோ பெண்கள் இந்தத் தொடர்களைப் படித்தும், பக்கத்து வீட்டில் படிக்கக் கேட்டும் பெரிய தமிழுக்குப் பழகினார்கள். யாரும் அவர்களுக்கு அருஞ்சொற்பொருள் எழுதிக் கொடுக்கவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவல் அவர்களைச் சொல்லுக்கு மேல் சொல்லாகத் தாண்டவைத்தது.

எனக்கும் அப்படித்தான் தமிழ் வந்தது. 1947இல் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய பத்திரிகை, தெலுங்கில் ‘சந்தமாமா’, தமிழில் ‘அம்புலிமாமா’. அப்பா தெலுங்கில் படித்துச் சொன்ன வேதாளக் கதையை நான் பழைய புத்தகக் கடையில் வாங்கிய தமிழ் இதழில் தேடிப் படிப்பேன். கதை முன்பே தெரியும் என்பதால் சொல் தானாகவே பிடிபட்டுவிடும்.

ஆகவே, வகுப்பில் நாங்கள் தொடர்கதை முறையிலேயே படிக்கிறோம். நான் உரக்கப் படிப்பேன், இரண்டு பேருக்கு ஒரு புத்தகம், விரல் வரியோடு நகர வேண்டும். ஆவல் முறுக்கேறும் இடத்தில் ‘தொடரும்’ என்று மூடிவிடுவேன். அடுத்த வகுப்பு ஒரு பிள்ளையின் முன்கதைச் சுருக்கத்தோடு தொடங்கும். நிபந்தனை ஒன்றுதான்: முந்தைய அத்தியாயத்தின் மூன்று சொற்களும் சுருக்கத்துக்குள் வந்தாக வேண்டும், இடறாமல். வலிந்து நுழைத்தால் மற்றவர்கள் ‘ஊ’ என்று கத்துவார்கள். எழுதச் சொன்னால் பேனாவைத் தேடும் பையன்கள்கூட இதற்குக் கையைத் தூக்குகிறார்கள். கதை சொல்லும் ஆசை அப்படி. கேட்ட சொல் வாயில் வருவதும், வாயில் வந்தது ஏட்டில் ஏறுவதும் இந்த வழியாகத்தான் நடக்கிறது. ஏட்டிலிருந்து தொடங்கினால் ஏட்டோடு முடிகிறது.

பல மொழி வகுப்பின் கணக்கு வேறு

எந்தச் சொல் கடினம் என்று பாடநூல் எழுதுகிறவர்கள் நினைப்பதும், என் வகுப்பில் எது கடினமாக இருக்கிறது என்பதும் ஒன்றாக இருப்பதில்லை. ஆச்சரியம், சந்தேகம் என்றால் கன்னடம், தெலுங்கு, ஒடியா, இந்தி பேசும் பிள்ளைகள் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. அவர்கள் வீட்டிலும் கொஞ்சம் மாறிய உருவில் அதே சொல்தான். வியப்பு, ஐயம் என்றால்தான் விழிப்பார்கள். தமிழ்நாட்டின் உள் மாவட்டத்துப் பிள்ளைக்கு எளிமைப்படுத்துவதாக நினைத்து நாம் செய்யும் மாற்றம் இங்கே சுமையாகிவிடுகிறது. நான் ஆச்சரியத்தில் தொடங்கி வியப்புக்குப் போகிறேன். வசூல், பாக்கி, ஆஜர் என்று வந்தால் உருது பேசும் பிள்ளைகளின் முகம் மலரும். அன்றைக்கு அவர்கள்தான் அகராதி. கன்னடப் பிள்ளைகளைப் பால், புலி, பல் என்று சொல்லவிட்டு அவர்கள் வீட்டுச் சொல்லைக் கேட்டால் ஹாலு, ஹுலி, ஹல்லு என்று அடுக்குவார்கள். தமிழில் ‘ப’ வரும் இடத்தில் அங்கே ‘ஹ’ வருகிறது என்று இரண்டே நிமிடத்தில் ஒருவன் விதி போட்டுவிடுவான். கால்டுவெல் 1856இல் பெரிய புத்தகமாக எழுதிய விஷயத்தின் ஒரு துண்டை, ஓசூரில் ஏழாம் வகுப்புப் பையன் இடைவேளைக்கு முன்பே கண்டுபிடிக்கிறான்.

வீட்டு மொழியை வெளியே விட்டுவிட்டு வா என்று சொல்லும் தமிழ் வகுப்பைவிட, அதைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லும் வகுப்பில் தமிழ் வேகமாக வருகிறது. தமிழ்ப் பற்று குறைந்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் எங்கள் ஊருக்கு ஒருமுறை வந்து பார்க்கலாம்.

சொல் இல்லாத பிள்ளை

சொல்வளம் என்றால் மதிப்பெண்ணுக்கும் கட்டுரைப் போட்டிக்கும் ஆன அலங்காரம் என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்ற எஸ்.பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ நாவலைப் படித்துப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். குழந்தைகளிடம் பெரியவர்கள் செய்யும் அத்துமீறலைக் குழந்தைகளுக்கே சொல்லும் கதை. அப்பாவும் அம்மாவும் வெவ்வேறு ஷிப்டில் ஓடும் லைன் வீடுகளில், மாலை முழுக்கத் தனியாக இருக்கும் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் ஏராளம். நடந்ததைச் சொல்ல அவர்களுக்குத் தைரியம் மட்டும் போதாது, சொல்லும் வேண்டும். வற்புறுத்தினார், மிரட்டினார், எனக்குப் பிடிக்கவில்லை, நான் மறுத்தேன் என்று ஒரு பிள்ளையால் சொல்ல முடிந்தால்தான் கேட்கிறவருக்குப் புரியும். இதை அறிவுரையாக நடத்தினால் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். கதையில் வரும் பெண்ணுக்கு நடந்ததாகப் பேசும்போது நிமிர்ந்து பேசுகிறார்கள்.

நேரம், பணம், பூட்டு

“கதை படிச்சிட்டிருக்கீங்களா? போர்ஷன் முடிச்சாச்சா?” என்று ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், நாவலில் இருந்து தேர்வில் ஒரு மதிப்பெண்ணும் வராது. ஆனால், நாவல் படிப்பது பாடத்துக்கு நேர்விரோதம் என்ற நினைப்பு தவறு. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் ஓர் ஆய்வு செய்தார்கள். நம் ஏழு, எட்டாம் வகுப்பு வயதுப் பிள்ளைகளுக்கு இருபது ஆசிரியர்கள் பன்னிரண்டு வாரத்தில் இரண்டு முழு நாவல்களை வகுப்பில் உரக்க, நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்காமல், வேகமாகப் படித்துக் காட்டினார்கள். வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனில் பிள்ளைகள் சராசரியாக எட்டரை மாத வளர்ச்சி காட்டினார்கள். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள் காட்டியது பதினாறு மாத வளர்ச்சி. ‘மெல்லக் கற்கும் மாணவர்’ என்று நாம் ஒதுக்கி உட்கார வைத்து, எழுத்துப் பயிற்சியை மட்டும் கொடுக்கும் பிள்ளைக்குத்தான் நாவல் அதிகம் உதவுகிறது என்றால், நம் வழக்கம் தலைகீழாக இருக்கிறது.

நேரத்தைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. விரிவானப் பகுதிகள் சிலவற்றை எடுத்துவிட்டு அந்தப் பாடவேளைகளை ஒரு நாவலுக்குக் கொடுக்கலாம். நாங்கள் படித்த காலத்தில் ‘நான்-டீடெய்ல்’ என்று துணைப்பாடத்துக்குத் தனிப் புத்தகமே இருந்தது. அதன் இடத்தில் இன்றைய நல்ல சிறார் நாவல் ஒன்று வரட்டும். தேர்வில் ‘பொருள் எழுதுக’ போய், ‘இந்த இடத்தில் அவன் ஏன் தயங்கினான்?’ வரட்டும்.

பணமும் பெரிய தடை இல்லை. பெரும்பாலான தமிழ்ச் சிறார் நாவல்கள் இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கின்றன. இருபது பிரதி இருந்தால் நாற்பது பேர் படிக்கலாம். பத்தாண்டுக்கு வகுப்பு மாறி வகுப்பு பயன்படும். ஓசூரில் கம்பெனிகளுக்குப் பஞ்சமா? 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் பார்க்கும் நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தில் எங்கள் பள்ளிகளுக்குச் சுவர் ஓவியம் வருகிறது, ஸ்மார்ட் கிளாஸ் திரை வருகிறது, கழிப்பறை வருகிறது. நன்றி சொல்லித்தான் வாங்கிக்கொள்கிறோம். நன்கொடைகளை ஒருங்கிணைக்க 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் தேவைப் பட்டியலில் ‘வகுப்புக்கு இருபது நாவல்’ என்ற வரியும் சேரட்டும். திரை ஒன்றின் விலையில் ஓர் ஒன்றியத்தின் பல பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கிவிடலாம். ஆண்டுதோறும் நடக்கும் ஓசூர்ப் புத்தகத் திருவிழாவிலேயே கொள்முதலை முடிக்கலாம்.

பணத்தைவிடப் பெரிய தடை பூட்டுத்தான். பல பள்ளிகளில் நல்ல புத்தகங்கள் பீரோவுக்குள் இருக்கின்றன. தொலைந்தால் இருப்புப் பதிவேட்டில் என்ன எழுதுவது, தணிக்கையில் யார் பதில் சொல்வது என்ற பயம் சாவியைத் திருப்ப விடுவதில்லை. எங்கள் ஊரில் பிள்ளைகள் பாதி ஆண்டில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போவது சாதாரணம். அப்பாவுக்கு அடுத்த காண்ட்ராக்ட் ஆனேக்கல்லிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ கிடைத்துவிடும். அப்படிப் போன ஒரு சிறுமி, “மீதிக் கதை என்னாச்சு டீச்சர்?” என்று கேட்டு நின்றாள். புத்தகத்தைக் கொடுத்தனுப்பினேன். பதிவேட்டில் ஒரு பிரதி குறைந்தது. ஆண்டுக்கு இத்தனை சதவீதம் புத்தகம் கிழிந்தோ தொலைந்தோ போகும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, ஆசிரியர் தலையில் கட்டாமல் கழித்துக்கொள்ளும் ஓர் அரசாணை வந்தால், பல பீரோக்கள் தாமாகத் திறக்கும்.

படி இருக்கிறது, அடுத்த படி இல்லை

அரசு எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை எழுத்துக்கு அருகில் கொண்டுவந்தது. ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்கள் வகுப்பறைக்கு வருகின்றன. ‘வாசிப்பு இயக்கம்’ 2023இல் கொண்டுவந்த சிறு நூல்கள், நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் அழகாக வந்தன. கதையும் படமும் எளிய நடையும் கொண்ட அந்தப் புத்தகங்களை எங்கள் பிள்ளைகள் முனை மடங்க மடங்கப் படித்தார்கள். ஆனால், ‘பற’ நிலையை முடித்த பிள்ளைக்கு அடுத்து என்ன? சில பக்கப் புத்தகத்துக்குப் பிறகு நேராகப் பத்தாம் வகுப்புப் பாடநூல்தான். நடுவில் நூறு பக்கக் கதை ஒன்று இல்லை.

எழுத ஆள் இல்லாததால் வந்த இடைவெளி அல்ல இது. 2025இலும் பால சாகித்திய புரஸ்கார் ஒரு தமிழ்ச் சிறார் நாவலுக்குத்தான் கிடைத்தது; விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’. டெல்லி விருது கொடுத்துப் பாராட்டும் புத்தகங்களைத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளை வகுப்பில் படிக்க முடியவில்லை.

மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்டில் வெளியாகிவிட்டது. அடுத்த பாடநூல்களை எழுத உட்காருகிறவர்கள் ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புகளுக்கும் மூன்று நாவல்களை ஒதுக்கட்டும். ஒரே நாவலை மாநிலம் முழுக்கத் திணிக்க வேண்டாம். பத்துப் பதினைந்து நூல்களைப் பட்டியலிட்டு, தேர்வை ஆசிரியரிடம் விடட்டும். கடற்கரைப் பள்ளிக்கு ஒன்று பொருந்தும், எல்லைப் பள்ளிக்கு வேறொன்று. நாவலின் பின்னால் அருஞ்சொற்பொருள் அட்டவணை மட்டும் போடாமல் விடுங்கள். அந்த வேலையை எங்களுக்கும் பிள்ளைகளுக்கும் விட்டுவிடுங்கள்; உறைகிணற்றுக்கு எங்கள் வகுப்புச் சொன்ன விளக்கம் எந்த அட்டவணையிலும் வந்திருக்காது.